நான்காம் இயலின் தண்ணீர்

ஏழுவேம்பு என்கிற ஊரில் ஏழு வேம்பு கிடையாது, ஒரு வேம்புகூடக் கிடையாது. வேம்புகள் நின்ற கரையும் கிடையாது, கரைக்கு உள்ளே கிடந்த பெரிய குளமும் கிடையாது. அதன்மேல் செம்மண்ணைக் கொட்டி, ரோடு ரோலரை விட்டு மிதித்து, பஸ் ஸ்டாண்டு கட்டி, மாடியில் லாட்ஜும் கீழே மிட்டாய்க் கடையும் வைத்து, ஐம்பது வருஷமாக அந்தக் குளத்தின் நெஞ்சுமேல் பஸ்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. முனிசிபாலிட்டிக் குழாயில் பத்து நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வரும். வந்தால் வந்தது, இல்லையென்றால் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு லாரிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தக் குளத்தைப் பற்றித்தான் செண்பகவல்லி புத்தகம் எழுதினாள். கீழத்தெருப் பெண். அந்தத் தெருவிலிருந்து ஊர்க் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போன முதல் ஆள் அவள்தான், வரலாறு நடத்தினாள். ஆவணக் காப்பகத்தில் தும்மித் தும்மிப் பழைய காகிதங்களைப் புரட்டி, வீடு வீடாகப் போய் ஒலிப்பதிவு செய்து, சம்பளத்தில் பாதியைப் பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் கொட்டி, கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "இந்த இயல் முடியட்டும்மா" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி எழுதிய புத்தகம். பேர், 'ஏழுவேம்பு: நீர், நிலம், தெரு'. கல்லூரி ஆட்கள் எழுதுகிற புத்தகத்துக்குத் தலைப்பில் ஒரு முக்காற்புள்ளி இல்லாவிட்டால் யார் மதிக்கிறார்கள், சொல்லுங்கள்!

சென்னைப் பதிப்பாளர் அனுப்பிய பார்சல் வந்தபோது கட்டு முழுவதும் மண்பானை மாதிரிக் குளிர்ந்து வியர்த்திருந்தது. பார்சல் ஆபீஸ்காரர், "என்னம்மா, ஐஸ் பெட்டியா அனுப்பியிருக்காங்க?" என்று கேட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கையெழுத்து வாங்கினார். அவள் ஒன்றும் நினைக்கவில்லை. புதுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவளுக்குச் சேலை நனைந்ததுகூடத் தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வெளியீட்டு விழா கல்லூரி அரங்கில் நடந்தது. எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பொன்னாடை போர்த்தி, ரிப்பனைப் பிரித்து, மேடையில் இருப்பவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்து, நகராட்சித் தலைவர் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று யாரோ காதில் சொல்ல அவர் திருப்பிப் பிடித்து இன்னொருதரம் சிரித்து, பிறகு மைக்கைப் பிடித்தவர் ஒவ்வொருவரும் "நூலை இன்னும் முழுமையாக வாசிக்கவில்லை, ஆனாலும்" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினார்கள். கல்லூரிச் செயலர் குற்றாலிங்கம் ஐயா, மேலத்தெருப் பெரிய வீட்டுக்காரர், "நம்ம ஊருக்கு இது ஒரு பெருமை" என்று ஆசீர்வாதம் பண்ணினார். அத்தனை பேரும் புத்தகத்தைத் தொட்டார்கள், ஒருத்தர்கூடத் திறக்கவில்லை. அதனால் ஒன்றும் நடக்கவில்லை.

முதலில் திறக்கச் சொன்னது பேச்சிமுத்துதான். பஸ் ஸ்டாண்டு மூலையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறவர், தெரு முறையில் செண்பகவல்லிக்குப் பெரியப்பா. விழாவுக்கு வரவில்லை. மறுநாள் கடைக்கு முன்னால் போனவளை நிறுத்தி, "எங்க மக்கா, அந்தப் பக்கத்தக் காட்டு. எங்க அக்கா பேரு வந்திருக்கான்னு பாத்துருதேன்" என்றார்.

"வந்திருக்கு பெரியப்பா. சொன்னேம்லா, பேர விடமாட்டேன்னு."

"நீ சொன்ன. கண்ணால பாத்தாத்தான் மனசு ஆறும்."

அவள் நான்காம் இயலைத் திறந்து, அவர் விரலைப் பிடித்து எழுத்தின்மேல் வைத்து, சத்தமாக வாசித்தாள். அந்த வருஷம் மழை பொய்த்தது. தென்கரை முழுக்க வெடித்துப்போய், வடக்குப் படித்துறைக்குக் கீழே மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அது மேலத்தெருவின் படித்துறை. கீழத்தெருச் சீனியம்மா, வயது பத்தொன்பது, உச்சி வெயிலில் அங்கே இறங்கி ஒரு குடம் மொண்டாள். படியில் நின்ற நாலு பேர் அவளை அடிக்கவில்லை, கைகூட ஓங்கவில்லை. "எடுத்த எடத்துலயே ஊத்து" என்றார்கள். ஊற்றினாள். "இங்க இல்ல, உள்ள போய் ஊத்து" என்றார்கள். போனாள். "இன்னும் உள்ள போ" என்றார்கள். சகதி முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, அவள் கையை நீட்டினாள். நாலு பேரில் மூத்தவரான அனந்தப்பன் கையில் குடை இருந்தது. நீட்டினால் எட்டியிருக்கும்.

வாசிக்க வாசிக்கப் புத்தகத்தின் தையலிலிருந்து தண்ணீர் வழிந்தது. முதலில் நூல் கனத்துக்கு, அப்புறம் விரல் கனத்துக்கு, 'குடை' என்ற சொல் வந்தபோது குழாயைத் திருகிவிட்ட மாதிரி. எழுத்து கரையவில்லை, காகிதம் ஊறவில்லை. பஞ்சர் பார்க்கிற தொட்டி காய்ந்து கிடந்தது, அதில் விழுந்து நிறைந்தது. பேச்சிமுத்து ஒரு கை அள்ளிக் குடித்தார். பாசி வாடையும் வேப்பம்பூக் கசப்பும் சேர்ந்த தண்ணீர்.

"நம்ம குளத்துத் தண்ணிதான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். காத்திருந்த பையனின் சைக்கிள் டியூபை எடுத்து அந்தத் தொட்டியிலேயே அமுக்கி, குமிழி எங்கே வருகிறதென்று பார்த்தார்.

பஸ் ஸ்டாண்டில் நடந்தது ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? ஆயுத பூஜைக்குத் தூசி தட்டுவதோடு சரி என்றிருந்த கல்லூரி நூலகத்தின் வாசலில் பச்சையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டின. செண்பகவல்லி வீட்டிலிருந்த ஆசிரியர் பிரதிகள் ஒரே சாயங்காலத்தில் இரவல் போயின, சீனிக்கும் காப்பித்தூளுக்கும் போகிற மாதிரி. இது எப்படி, யார் செயல் என்று கேட்டு யாரும் நேரத்தை வீணாக்கவில்லை. தண்ணீர் வருகிறது, பிடித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். விஷயம் சீக்கிரமே பிடிபட்டது: சத்தமாக வாசித்தால் வரும், நிறுத்தினால் நிற்கும், மனசுக்குள் வாசித்தால் ஈரம்தான். செல்போனில் படம் பிடித்து வாசித்தவர்களுக்குச் செல்போன்தான் கெட்டது.

எந்தப் பக்கத்தில் எவ்வளவு என்பதும் பெண்களுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. பாசன வரி பற்றிய இரண்டாம் இயல் பாத்திரம் கழுவத் தேறும். மராமத்து பற்றிய மூன்றாம் இயலில் கொஞ்சம் கலங்கலாக வரும், துணிக்கு ஆகும். அடிக்குறிப்பு சொட்டும், நூற்பட்டியல் தூறும். முதல் இயலில் செண்பகவல்லி உயிரைக் கொடுத்து எழுதிய கோட்பாட்டுச் சட்டகத்தில், வெளிநாட்டு அறிஞர் பெயர் வந்த இடத்திலெல்லாம், குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் வருமே, அந்தக் காற்றுதான் புஸ்ஸென்று வந்தது. அவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். "ஒருத்தராவது பொறுமையா வாசிச்சுப் பாக்கக்கூடாதா?" என்று அம்மாவிடம் புலம்பினாள். "பொறுமையா வாசிச்சா உல கொதிக்குமாட்டி?" என்றாள் அம்மா.

குடிக்கிற தண்ணீர் நான்காம் இயலில் மட்டும்தான். அங்கேதான் வினை வந்தது. சோறு பொங்க வேண்டுமென்றால் மேலத்தெருவும் அதைத்தான் வாசிக்க வேண்டும். காலையில் பால்காரன் மணியோடு சேர்ந்து, ஒவ்வொரு அடுக்களையிலிருந்தும், அந்தத் தெருவில் ஐம்பது வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத சீனியம்மா என்ற பேர் குடத்துக்குக் குடம் கேட்டது. பிள்ளைகள் கேட்டன, "யாரும்மா சீனியம்மா? ஏன் கையக் குடுக்கல?" பல்துலக்கிக்கொண்டிருந்த ஆண்கள் வேறு பக்கம் பார்த்துத் துப்பினார்கள்.

குற்றாலிங்கம் வீட்டில் வாசித்தது அவர் மனைவி கோமதி. அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற அனந்தப்பன் அவளுக்கு மாமனார். மாமனார் பேரை மருமகள் சொல்லக்கூடாது என்பது அந்தத் தெரு வழக்கம், அவர் செத்துப்போனால்கூடத்தான். அதனால் அந்த இடம் வந்தால் கோமதி "எங்க மாமா கையில் குடை இருந்தது" என்று மாற்றி வாசிப்பாள். சட்டென்று தண்ணீர் நின்றுபோகும். முதல் வரியிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். ஊரில் எல்லார் குடமும் நிறைந்து வழிய, பெரிய வீட்டுக் குடம் மட்டும் கழுத்தளவில் நிற்கும், அவளும் தினமும் அந்த இயலை நாலு தடவை, ஐந்து தடவை வாசிப்பாள்.

கடைசியில் செயலர் செண்பகவல்லியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வாங்க மேடம், இருங்க. காப்பி சாப்பிடுதியளா? ஒங்க புஸ்தகத் தண்ணியில போட்டதுதான்" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஊருக்கு நல்லது பண்ணியிருக்கீங்க. அத நான் மறுக்கல. திருத்திய பதிப்பு ஒண்ணு போடுவோம். அஞ்சாயிரம் பிரதி, கெட்டி அட்டை. கல்லூரிக் கமிட்டி செலவு."

"எதத் திருத்தணும் ஐயா?"

"பெருசா ஒண்ணுமில்ல. நாலாம் இயல்ல ஒரு பத்தி. அந்தப் பொண்ணு பேரு வேண்டாம், இந்த நாலு பேரும் வேண்டாம். 'கால் தவறி ஒரு பெண் இறந்தார்'னு போட்டாப் போதும். போலீஸ் ரிக்கார்டுலயும் அப்படித்தான இருக்கு?"

"இருக்கு. அது பொய்னு ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கேன். நீங்க வாசிக்கலியா?"

செயலர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எங்கப்பா பேர அடுக்களைக்கு அடுக்கள ஏலம் போட்ட மாதிரி ஊரே வாசிக்கு. நான் ரோட்ல நடக்க வேண்டாமா? ஒங்க வேல இன்னும் நிரந்தரமாகல, ஞாபகம் இருக்கட்டும். இந்தச் சம்மதக் கடுதாசியில கையெழுத்தப் போடுங்க."

செண்பகவல்லிக்குப் பயம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. இந்த வேலைக்காக அம்மா எத்தனை வீட்டில் பாத்திரம் தேய்த்தாள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எழுத்தின்மேல் நகர்ந்த பேச்சிமுத்துவின் விரலும் அவளுக்குத் தெரியும்.

"போலீஸ் ரிக்கார்டு ஒருதரம் அவ பேர அழிச்சாச்சு. ரெண்டாவது தரம் அழிக்க எங்கையி வேணும்னா, அது நடக்காது ஐயா" என்றாள். "காப்பி வேண்டாம்."

மறுநாள் மெமோ வந்தது. வகுப்புக்கு வர வேண்டாம் என்றார்கள். கையெழுத்து இல்லாமலேயே திருத்திய பதிப்பு அச்சாகி வந்தது. சென்னையில் மிச்சமிருந்த பழைய பிரதிகளைக் கமிட்டி மொத்தமாக வாங்கிவிட்டது; ஆய்வு நூல் ஒன்று கிடங்கில் ஒரு பிரதி மிச்சமில்லாமல் தீர்ந்துபோனதை வாழ்நாளில் பார்த்திராத பதிப்பாளர், பாவம், சந்தோஷத்தில் செண்பகவல்லிக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். ஊருக்குள்ளே தண்டோரா போட்ட மாதிரி ஆட்டோவில் அறிவித்தார்கள்: பழைய புத்தகத்தைக் கொடுத்தால் புதுப் புத்தகமும், கூடவே ஒரு பெரிய குடமும் இலவசம்.

குடம் என்றதும் நம் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே. மேலத்தெரு கொடுத்தது, நடுத்தெரு கொடுத்தது. கீழத்தெருவில் முறைவைத்து வாசிக்கட்டுமென்று செண்பகவல்லி பேச்சிமுத்துவிடம் கொடுத்துவைத்திருந்த தன் கடைசிப் பிரதியையும், அன்றைக்கு முறை வந்த பெண் ஒருத்தி "புதுசுலயும் அதான இருக்கும்" என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் குடத்தோடு வந்தாள். பேச்சிமுத்து அவளைத் திட்டவில்லை. கடைக்குள் போய்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பெரியப்பா, நான் கையெழுத்துப் போடல" என்றாள் செண்பகவல்லி.

"தெரியும் மக்கா. ஆனாலும் பேரு போயிட்டுல்லா."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

திருத்திய பதிப்பின் வெளியீட்டு விழாவைப் பஸ் ஸ்டாண்டிலேயே வைத்தார்கள். பந்தல், மைக், மேடைக்குக் கீழே சிமெண்டுத் தொட்டி. தெருவெல்லாம் காலி, பெண்கள் அத்தனை பேரும் இலவசக் குடத்தோடு வந்துவிட்டார்கள். இந்தத் தடவை யாரும் புத்தகத்தை நெஞ்சில் வைத்துச் சிரிக்கவில்லை, செயலர் நேராகத் திறந்தார், தொட்டியின்மேல் பிடித்துக்கொண்டு கம்பீரமாக வாசித்தார். "அந்த ஆண்டு மழை பொய்த்தது. குளத்தில் இறங்கிய ஒரு பெண் கால் தவறி இறந்தார்."

புழுதி விழுந்தது.

கொஞ்சநஞ்சமில்லை. சாக்கை அவிழ்த்துத் தட்டிய மாதிரி, சிவப்பாக, காய்ந்த குளத்து மண். நகராட்சித் தலைவர் இருமினார். செயலர் இன்னொரு பிரதியை எடுத்தார், அதிலும் புழுதி. "மைக்கக் கிட்ட வச்சு வாசிங்க" என்று யாரோ யோசனை சொன்னார்கள். மைக்கில் வாசித்ததும் ஒலிபெருக்கியிலிருந்தும் புழுதி வந்து பந்தல் பூராவும் படிந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காலிக் குடத்தைப் பார்த்தார்கள்.

பஞ்சர் கடை வாசலில் நின்ற செண்பகவல்லி வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். மைக் கிடைக்காது என்று தெரியும், அதனால் தொண்டையைத் திறந்தாள். "அந்த வருஷம் மழை பொய்த்தது. தென்கரை முழுக்க வெடித்துப்போய், வடக்குப் படித்துறைக்குக் கீழே..." மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டாள். எழுதினவளுக்கு மனப்பாடமாக இருக்குமென்று நினைப்போம். இருக்காது. அவளுக்கு அந்தப் பத்தியின் பழைய வடிவமும், திருத்தியதும், திருத்தி அடித்ததும் எல்லாம் ஒன்றாக நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றன.

"மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது" என்றது ஒரு குரல்.

முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோமதி. பட்டுச் சேலை, மடியில் தாம்பூலப் பை. நாளுக்கு நாலைந்து தடவை வாசித்த வாய் அவளைக் கேட்காமலேயே திறந்துகொண்டது. "அது மேலத்தெருவின் படித்துறை. கீழத்தெருச் சீனியம்மா, வயது பத்தொன்பது..."

அவளுக்குப் பின்னாலிருந்தவள் சேர்ந்துகொண்டாள், அதற்குப் பின்னாலிருந்தவள் சேர்ந்துகொண்டாள், மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு என்று வித்தியாசமில்லாமல் காலையில் உலை வைத்த வாய்களெல்லாம் சேர்ந்துகொண்டு, "எடுத்த எடத்துலயே ஊத்து" என்றன, "உள்ள போய் ஊத்து" என்றன, "இன்னும் உள்ள போ" என்றன. யார் கையிலும் புத்தகம் இல்லை. பஞ்சர் கடையில் கவிழ்த்து வைத்திருந்த தொட்டி மெதுவாக அசைந்தது. சிமெண்டுத் தரையில் ஒரு கீறல் ஓடியது, மதுரை பஸ் நிற்கிற இடத்திலிருந்து மேடை வரைக்கும்.

"ஏட்டி கோமதி! நிறுத்து!" என்று கத்தினார் குற்றாலிங்கம். மேடையிலிருந்து குதித்து அவளைப் பார்த்து ஓடி வந்தார்.

கோமதி எழுந்து நின்றாள். அந்த இடம் வந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் மற்ற பெண்கள் குரலைத் தணித்து அவளைப் பார்த்தார்கள். அவள் ஒரு மூச்சு நின்றாள். இத்தனை நாளும் கழுத்தளவிலேயே நின்ற குடத்தை நினைத்தாளோ, என்னவோ.

"அனந்தப்பன்" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் தடவை. "அனந்தப்பன் கையில் குடை இருந்தது. நீட்டினால் எட்டியிருக்கும்."

தரை பிளந்தது. குளம் வந்தது. ஆர்ப்பாட்டமில்லாமல், வீட்டுக்குத் திரும்புகிற ஆள் மாதிரி, கீறல் வழியாகவும் கடைகளின் வாசற்படிக்கு அடியிலிருந்தும் பாசி வாடையோடு ஏறி வந்தது. ஓட்டுநர்கள் பஸ்களை ரோட்டுக்கு எடுத்தார்கள். கண்டக்டர் ஒருத்தர், "திருநெல்வேலி எல்லாம் வெளிய வந்து ஏறு!" என்று விசில் ஊதினார். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடத்தை அமுக்கினார்கள். படித்துறை எது, யாருடையது என்று பார்க்க அங்கே படியே இல்லை.

குற்றாலிங்கம் நின்ற இடம் மட்டும் சகதி. பழைய வடக்குப் படித்துறைக்குக் கீழே உள்ள இடம் அதுதான் என்று செண்பகவல்லிக்குத் தெரியும். மூன்றாம் இயலில் வரைபடம் போட்டிருக்கிறாள். முழங்கால் வரை போயிருந்தது. காலை உருவப் பார்த்தார், இடுப்பு வரை போனது. அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் அசையவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் செண்பகவல்லிக்கு ஒரு யுகமாக இருந்தது. போகட்டும் என்று அவள் மனசு சொன்னதையும் அவள் கேட்டாள்.

பேச்சிமுத்து கிரீஸ் படிந்த கையை டவுசரில் துடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். நெஞ்சை நிமிர்த்தி நடந்துபோய்க் கையைக் கொடுத்தார். இழுத்தார். டயரை ரிம்மிலிருந்து கழற்றிக் கழற்றிப் பழகிய கை, ஒரே இழுப்பில் செயலர் கெட்டித் தரைக்கு வந்துவிட்டார்.

வந்த பிறகும் பேச்சிமுத்து கையை விடவில்லை.

"நாங்க கையக் குடுத்தாச்சு" என்றார். "இப்ப நீங்க பேரச் சொல்லுங்க. எங்க அக்கா பேர."

குற்றாலிங்கம் கையை உருவப் பார்த்தார், முடியவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். செண்பகவல்லியைப் பார்த்தார். அவளும் காத்திருந்தாள், இதற்கு அடிக்குறிப்பு கொடுக்க அவளால் முடியாது. ஊரே காத்திருந்தது.

உதடு மட்டும் அசைகிற மாதிரி, "சீனியம்மா" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள் கோமதி. "கொடம் இன்னும் நெறயல."